மாட்டுக் குளம்பும் ஹிட்டாச்சியும்

சித்திரை பிறந்து ஓடைகள் வறண்டுவிட்டால் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் மஞ்சள் எந்திரங்களின் நடமாட்டம் கூடிவிடும். மரவள்ளி பிடுங்கிய கொல்லைகளில் குட்டை எடுப்பார்கள், மேட்டைச் சரிப்பார்கள், தூர்ந்த வாய்க்காலைத் திறப்பார்கள். டீக்கடையில் ஒரே விவாதம்: பண்ணைக்குட்டைக்கு ஜேசிபி விடலாமா, ஹிட்டாச்சி விடலாமா? பெரும்பாலும் மச்சான் எந்த வண்டி வைத்திருக்கிறாரோ அந்த வண்டியே நல்ல வண்டி என்று தீர்ப்பாகும். இந்தக் கேள்விக்கு இயற்பியல் வேறு பதில் வைத்திருக்கிறது. பள்ளம் வெட்டுவதில் கெட்டிக்கார எந்திரம், தண்ணீரை நிறுத்துவதில் மக்கு. இரண்டும் ஒரே காரணத்தால்தான்.

முதலில் எவ்வளவு மண் என்று பார்த்துவிடலாம். 30 மீட்டருக்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழம் உள்ள குட்டை என்று வைத்துக்கொள்வோம். பக்கங்கள் செங்குத்தாக இருந்தால் முதல் மழையிலேயே சரியும். ஆகவே ஒரு மீட்டர் இறங்க ஒன்றரை மீட்டர் உள்வாங்கும்படி சரிவு விட்டால் அடித்தளம் 24-க்கு 24 ஆகிவிடும். கணக்குப் போட்டால் சுமார் 1,460 கன மீட்டர். நிரம்பினால் 14 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர் தண்ணீர். டிப்பர்காரர் பாஷையில், 100 கன அடி ஒரு யூனிட் என்றால், 500 யூனிட்டுக்கு மேல். அதுவும் பூமிக்குள் இருக்கும்போது உள்ள அளவு. வெட்டி வெளியே போட்டதும் மண் பொருமிக்கொள்ளும். களிமண் 25 முதல் 40 சதவீதம் வரை பெருகும். "குழியை அளந்தா ஒரு கணக்கு, லோடை எண்ணினா வேற கணக்கு" என்று வருகிற சண்டைகளில் பாதி இந்தப் பொருமலால் வருவது. யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. கையால் வெட்டிய காலத்தில் குழியின் நடுவே ஒரு மண் திட்டை வெட்டாமல் விட்டுவைத்து, அதன் உயரத்தை அளந்து கூலி கொடுத்தார்கள். வெட்டாத மண்ணில் எடுத்த அளவு என்பதால் அதில் பொருமலுக்கு இடமில்லை. இன்றைக்கும் பின்பற்றலாம்.

ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாக ஒரு நாளில் வெட்டி அள்ளுவது ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை கன மீட்டர். அப்படியானால் இந்த ஒரு குட்டைக்கு ஆயிரம் ஆள் நாளுக்கு மேல் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு: கல்வராயன் மலையின் அடிவாரத்தில் கோமுகி ஆற்றின் குறுக்கே நிற்கும் அணை 46 அடி உயரம், 560 மில்லியன் கன அடி கொள்ளளவு. நம் குட்டையைப் போல ஏறத்தாழ 10,800 குட்டைகள் அதற்குள் அடங்கும். அணை பெரிது, குட்டை சிறிது என்று கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அணைத் தண்ணீர் ஆயக்கட்டுக்குப் போய்விடும். மேட்டுக் கொல்லைக்காரனுக்குத் தன் நிலத்தில் விழும் மழைதான் மிச்சம். ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இந்தப் பகுதியில், அதில் 15 சதவீதம் மட்டும் மேலோட்டமாக ஓடி வந்தாலும், இரண்டரை ஏக்கர் நிலம் இந்தக் குட்டையை ஒருமுறை நிரப்பிவிடும்.

இப்போது எந்திரங்களுக்கு வருவோம். ஜேசிபி என்று நாம் சொல்வது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயரின் பெயரெழுத்துகள். 1945-இல் யூட்டாக்ஸிட்டர் என்ற சிற்றூரில் அவர் தொடங்கிய தொழிற்கூடம் அது. நாளிதழ்கள் எந்தக் கம்பெனி எந்திரத்தையும் 'பொக்லைன்' என்று எழுதும். அதுவும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். சங்கிலிச் சக்கர எந்திரம் எதுவானாலும் நம் ஊரில் ஹிட்டாச்சி. பெயர் எதுவாயினும் எந்திரம் இரண்டு வகை. ஒன்று, முன்னால் அள்ளும் வாளியும் பின்னால் தோண்டும் கையும் உள்ள, நான்கு டயரில் ஓடும் ஏழெட்டு டன் வண்டி. மற்றது, இரும்புச் சங்கிலியில் ஊர்ந்து, உடம்பு முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றக்கூடிய 20 டன் வண்டி.

இரண்டுக்கும் வலிமை எண்ணெயிலிருந்து வருகிறது. மூடிய திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் கண்டுசொன்னார். 20 டன் எந்திரத்தின் குழாய்களில் ஓடும் எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோ அளவில் இருக்கும். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 113 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட 40 டன் தள்ளுவிசை. தொடையளவு கனமுள்ள ஓர் உருளைக்குள் அத்தனை விசையும் இருக்கிறது. நெம்புகோல் கணக்கில் தேய்ந்து பக்கெட்டின் பல்லுக்கு வந்து சேர்வது 14 டன் அளவு. ஜேசிபியின் பின் கைக்கு இது ஆறு டன்னுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. சுக்கான் பாறை தட்டுப்பட்டதும் ஜேசிபி சுரண்டுகிற இடத்தில் ஹிட்டாச்சி பெயர்த்தெடுப்பது இந்த வித்தியாசத்தால்தான்.

வேகம் என்று பார்த்தால், ஜேசிபி பின் பக்கெட் கால் கன மீட்டர் கொள்ளும். சாதாரண மண்ணில் மணிக்கு 25 கன மீட்டர் வெட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஹிட்டாச்சி பக்கெட் 0.9 கன மீட்டர், மணிக்கு 100. நம் குட்டைக்கு ஜேசிபி 58 மணி நேரம், ஹிட்டாச்சி 15 மணி நேரம். ஹிட்டாச்சியின் கை பத்து மீட்டருக்குள்தான் எட்டும் என்பதால் நடுக்குழி மண்ணை இரண்டு முறை கைமாற்ற வேண்டியிருக்கும். 20 மணி என்றே வைப்போம். வேளாண் பொறியியல் துறை சில ஆண்டுகளுக்கு முன் அறிவித்த வாடகை, மணிக்கு ஜேசிபிக்கு 890 ரூபாய், சங்கிலி எந்திரத்துக்கு 1,910 ரூபாய். அந்தக் கணக்கில் ஜேசிபிக்கு 51,600 ரூபாய். ஹிட்டாச்சிக்கு 38,200 ரூபாய். மணி வாடகை இரண்டு மடங்குக்கு மேல் உள்ள எந்திரம் வேலை முடியும்போது மலிவாகிவிடுகிறது. 10 மீட்டருக்கு 10 மீட்டர் சின்னக் குட்டை என்றால் இந்தக் கணக்குத் தலைகீழாகும். ஜேசிபி தன் சக்கரத்தில் ஓடி வந்து அரை நாளில் முடித்துவிட்டுப் போய்விடும். ஹிட்டாச்சிக்கோ தார்ச்சாலையில் ஊர அனுமதியில்லை. லோபெட் லாரி பிடித்து ஏற்றி இறக்கும் செலவே குட்டையின் செலவைத் தாண்டும். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே நடையில் வரவழைத்தால் அந்தச் செலவு நாலாகப் பிரியும். சேர்வதுதான் கடினம், அது வேறு கதை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1904 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் ஊரில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் ஒரு நீராவி டிராக்டரின் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரக்கட்டைகள் பதித்த சங்கிலியை மாட்டி ஓட்டிப் பார்த்தார். அந்த ஊர் ஆற்று முகத்துவாரச் சேற்று மண்ணில் டிராக்டர்கள் புதைந்துகொண்டே இருந்தன. சக்கரத்தை அகலமாக்கி அகலமாக்கி அலுத்துப்போன மனிதருக்குத் தோன்றிய யோசனை இது: எந்திரம் தன் சாலையைத் தானே விரித்துக்கொண்டு, அதன் மேலேயே நடக்கட்டும். பிற்காலக் கேட்டர்பில்லர் கம்பெனியின் வேர் அங்கே இருக்கிறது.

ஹோல்டின் யோசனை எவ்வளவு வேலை செய்கிறது என்று 20 டன் ஹிட்டாச்சியில் பார்க்கலாம். அதன் ஒவ்வொரு சங்கிலியும் 60 சென்டிமீட்டர் அகலத்தில் சுமார் மூன்றரை மீட்டர் நீளத்துக்குத் தரையைத் தொடுகிறது. இரண்டும் சேர்த்து 42,000 சதுர சென்டிமீட்டர். 20,000 கிலோவை அதால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோகூட இல்லை. 60 கிலோ ஆள் வரப்பில் நடக்கும்போது, எடை முழுவதும் ஒரு பாதத்தில் நிற்கும் கணத்தில், அவர் தரும் அழுத்தம் 0.4 கிலோ. 400 கிலோ மாடு அசையாமல் நாலு காலில் நின்றாலே ஒன்றரைக் கிலோ, ஏனென்றால் ஒரு குளம்பின் அடிப்பரப்பு 60, 70 சதுர சென்டிமீட்டர்தான். ஜேசிபியின் டயர் இரண்டு மூன்று கிலோ. ஆக, மண்ணின் மேல்தோலைப் பொறுத்தவரை, மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள ஜேசிபிதான் முரடு. ஹிட்டாச்சி, மாட்டைவிட மெல்ல மிதிக்கிறது. மழை பெய்து ஊறிய கழனியில் ஜேசிபி அச்சு வரை புதைந்து நிற்க, அதை மீட்க ஹிட்டாச்சி வருவது இதனால்தான்.

இதில்தான் சிக்கலும் இருக்கிறது. குட்டைக்குக் கரை வேண்டும். வெட்டிய மண் முழுவதையும் சுற்றிலும் கரையாகப் போட்டால் ஆளுயரத்துக்கு எழும். குட்டையும் கரையும் சேர்ந்து மொத்தம் 55 சென்ட் இடத்தை எடுத்துக்கொள்ளும். பக்கெட்டால் அள்ளிக் குவித்த அந்தக் கரைக்குள் துளைகள் நிறைய. ஹிட்டாச்சியை அதன் மேல் ஏற்றி இறக்கினால் பார்க்கக் கெட்டியாகத் தெரியும். ஆனால் புதையாமல் இருப்பதற்கென்றே செய்த சங்கிலி, மண்ணை இறுக்க வேண்டிய இடத்திலும் மென்மையாகவே மிதிக்கிறது. மேலே ஒரு சாண் இறுகியிருக்கும், அதற்குக் கீழே பொதபொதவென்று கிடக்கும். ஐப்பசியில் தண்ணீர் ஏறும்போது அந்தத் துளைகளின் வழியே கசிவு தொடங்கும். கசிகிற நீர் மண் துகளை இழுத்து வரும், துளை பெரிதாகும், பெரிய துளையில் நீர் வேகமாகும். ஒரு ராத்திரியில் கரை உடைப்பெடுக்கும்.

மாட்டுக் குளம்பு இங்கே உதவிக்கு வருகிறது. புதுக்கரை மண்ணின் மேல் கால்நடைகளை நடத்தி மிதிக்கவிடுவது உலகெங்கும் பழைய வழக்கம். ஆயிரம் சின்னச் சின்ன அழுத்தங்கள், ஒவ்வொன்றும் ஆழமானது. அதையே இரும்பில் செய்ததுதான் உருளை முழுக்க முளைகள் துருத்திக்கொண்டிருக்கும் ஆட்டுக்கால் ரோலர். அதன் முளை ஒவ்வொன்றும் சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோவும் அதற்கு மேலும் அழுத்தும். அடியிலிருந்து இறுகிக்கொண்டே வந்து, கடைசியில் முளைகள் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே நடக்கத் தொடங்கும். அதுதான் போதும் என்பதன் அடையாளம். மீட்டர் எதுவும் பார்க்க வேண்டாம்.

ஆனால் எந்த ரோலரும் காய்ந்த மண்ணை இறுக்காது. 1933-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் குடிநீர்த் துறைப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் இதை அளந்து காட்டினார். ஒரே மண், ஒரே அடி. தண்ணீரை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனார். முதலில் அடர்த்தி ஏறியது. ஓர் உச்சத்தைத் தொட்டது. பிறகு இறங்கியது. குறைந்த ஈரத்தில் துகள்கள் ஒன்றையொன்று உராய்ந்து மல்லுக்கு நிற்கின்றன. அளவான ஈரம் வழுக்கலாகி அவற்றை நெருக்கமாக உட்கார வைக்கிறது. அதற்கு மேல் போனால், துகள் உட்கார வேண்டிய இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீரை எந்த ரோலராலும் நசுக்க முடியாது. மணற்பாங்கான மண்ணுக்கு உச்ச ஈரம் பத்து சதவீதத்தை ஒட்டி வரும், களிமண்ணுக்கு 15 முதல் 20. உலகத்தின் மண் அணைகளும் நெடுஞ்சாலைகளும் இன்றுவரை பிராக்டரின் இந்தச் சோதனையை வைத்தே எழும்புகின்றன.

கொல்லையில் இதற்கு ஆய்வகம் தேவையில்லை. கரைக்குப் போடும் மண்ணில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து உருண்டையாக்குங்கள். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் போதாது. கையில் ஈரம் ஒட்டிப் பிசுபிசுத்தால் அதிகம். உருண்டை நின்று, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டதும் நாலைந்து துண்டாக உடைந்தால் அதுதான் பதம். தரையில் அப்பிக்கொண்டு சப்பையானால் ஒருநாள் காயவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் வெட்டிய மண்ணுக்குத் தண்ணீர் டேங்கர் இல்லாமல் இந்தப் பதம் வராது. கோடைமழை ஒன்று பெய்து நாலைந்து நாள் ஆனபின் வேலையைத் தொடங்குபவருக்கு டேங்கர் செலவு பெருமளவு மிச்சம்.

பதமான மண்ணை அரை அடிக்கு மேற்படாத அடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் எட்டுப் பத்து முறை உருட்ட வேண்டும். இப்படிப் பரப்புவதற்கு ஏற்றது, பலரும் மறந்துவிட்ட புல்டோசர். ஐம்பது அறுபது மீட்டருக்குள் மண்ணைத் தள்ளிக் கொண்டுபோய் மெல்லிசாக இழுத்துவிடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆழம் குறைந்த, அகலமான குட்டைக்கு வெட்டுவதற்கும் அதுவே போதும். மேலே சொன்ன அதே அறிவிப்பில் அதன் வாடகை மணிக்கு 1,230 ரூபாய். ரோலர் கிடைக்காத இடத்தில், மண் ஏற்றிய டிப்பரையோ நீர் நிரப்பிய டேங்கர் டிராக்டரையோ அடுக்கின் மேல் தடம் மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லலாம். டயரின் அழுத்தம் சங்கிலியைவிட அதிகம் என்று மேலே பார்த்தோமே, இங்கே அது நமக்குச் சாதகம். அதே டிப்பர் ஈர நிலத்தில் பயிர் வைக்கும் பக்கம் ஓடினால் அங்கும் மண்ணை இறுக்கிவிடும், வேர் இறங்காது. வண்டித்தடத்தை முதல் நாளே குறித்துக் கொடுத்துவிடுவது நல்லது.

எந்த எந்திரம் என்பதைக் கடைசியில் முடிவு செய்வது மண்தான். இந்த மாவட்டத்தில் கரிசலும் உண்டு, மலையடிவாரத்துச் செம்மண்ணும் சரளையும் உண்டு. கரிசல் தண்ணீரைத் தாங்கும், செம்மண் சரளை குடித்துவிடும். வண்டியைக் கூப்பிடும் முன்பே ஓர் ஆள் ஆழத்துக்குச் சோதனைக்குழி எடுத்து, மாலையில் தண்ணீர் நிரப்பி, காலையில் போய்ப் பாருங்கள். முக்கால்வாசி காணாமல் போயிருந்தால் அங்கே குட்டையைவிட நிலத்தடி நீரைச் செறிவூட்டும் பள்ளமே பொருத்தம். அப்படியும் குட்டைதான் வேண்டுமென்றால் அடியில் ஓர் அடிக் களிமண் பரப்பி உருட்ட வேண்டும், அல்லது பாலித்தீன் விரிக்க வேண்டும். ஏரி வண்டலையும் களிமண்ணையும் விவசாயத்துக்கு இலவசமாக எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி தரும் முறை 2024-இல் வந்திருக்கிறது. சொந்தப் பட்டாவில் வெட்டிய மண்தானே என்று வெளியே விற்க மட்டும் நினைக்காதீர்கள். அது கனிமச் சட்டத்துக்குள் வரும், கனிமவளத் துறையின் அனுமதியில்லாமல் வண்டி கிளம்பினால் வண்டியும் போகும்.

சோதனைக்குழிக்கு இன்னொரு பயன், பாறை எங்கே என்று சொல்லிவிடும். கல்வராயன் மலையும் அடிவாரமும் சார்னோக்கைட், நைஸ் போன்ற பழம்பாறைகள். மேலே மக்கிய பாறை இருக்கும் வரை ஹிட்டாச்சி சமாளிக்கும். கெட்டிப்பாறை வந்ததும் ஆப்ரேட்டர் இறங்கி வந்து, "அண்ணே, பிரேக்கர் மாட்டணும்" என்பார். பிரேக்கர் மணிக்கு உடைப்பது சில கன மீட்டர். வாடகை மீட்டர் மட்டும் அதே வேகத்தில் ஓடும். அந்த இடத்தில் ஆழத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் நகர்வதே புத்திசாலித்தனம். பாறை வெடிப்புகளின் வழியே தண்ணீர் இறங்கிப் போவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலைமேல் கதை வேறு. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் மலையாளிப் பழங்குடி மக்களின் நிலங்கள் சின்னச் சின்னத் துண்டுகள், சரிவில் இருப்பவை. வளைவுகளில் லோபெட் ஏறுவதே பாடு. ஏறினாலும் 20 டன் வண்டி திரும்ப அங்கே இடம் ஏது? மூன்று முதல் ஐந்து டன் மினி எந்திரமும் மனிதக் கைகளும் அங்கே பொருத்தம். செங்குத்துச் சரிவை அகலமாக வெட்டித் தண்ணீரைத் தேக்குவது மேலிருக்கும் மண்ணைச் சரியக் கூப்பிடும் வேலை. அங்கே பெரிய குட்டை ஒன்றைவிடச் சிறு குட்டைகள் பல நல்லவை. வனத்துறை எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு கணக்கு. நம் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் ஆவியாகும். ஒன்றரை மீட்டர் ஆழக் குட்டையில் சூரியன் குடித்ததுபோக மாட்டுக்குக்கூட மிஞ்சாது. பரப்பைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுவதே லாபம். இரண்டரை, மூன்று மீட்டர் போகலாம். அந்த ஆழத்தில் சரிவை நம்பிச் செய்ய ஹிட்டாச்சிதான் சரி.

ஆகவே என் தீர்ப்பு இது. சின்னக் குட்டைக்கு ஜேசிபி, ஆயிரம் கன மீட்டரைத் தாண்டினால் ஹிட்டாச்சி, அகலமும் மேடு திருத்தலும் சேர்ந்த வேலைக்கு புல்டோசர். எதை எடுத்தாலும், கையில் 20 மணி நேரத்துக்குப் பணம் இருந்தால் 14 மணி நேரத்துக்கு உரிய குட்டையை மட்டும் வெட்டுங்கள். மிச்சப் பணம் தண்ணீருக்கும் ரோலருக்கும். உழவன் செயலியின் இ-வாடகையில் இன்றைய வாடகையைப் பார்த்துவிட்டு, தனியாரிடம் பேசும்போது கரை உருட்டும் வேலையையும் சேர்த்தே பேசி, எழுதி வாங்குங்கள். ஒரு பக்கச் சரிவைப் படிபோலத் தட்டையாக விடச் சொல்லுங்கள். பாலித்தீன் விரித்த குட்டையில் வழுக்கி விழுந்தவருக்கு ஏறிவரப் பிடி கிடைக்காது. சுற்றி வேலி போடும் செலவையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.